டிராம் நீள சாசேஜ்

— முதல்ல என் சாசேஜ் எங்க? அதைச் சொல்லு.

— உக்கார விடு யாக்னா. தணிக்கைக் குழு முன்னாடி காலையிலேருந்து நின்னு கால் மரத்துப் போச்சு.

— படம் என்னாச்சு லெஷெக்? பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்களா? நான் பச்சத்தண்ணி கூடக் குடிக்கலை.

— பாஸ். ஒரு வெட்டு கூட இல்லை.

— பாவி மனுஷா, இதை வாசல்லயே சொல்றதுக்கென்ன. வயித்துல பாலை வார்த்தே. அப்போ அந்தக் குளியல் சீன்? அவங்க அதை வெட்டிட்டு மத்ததை விட்டுடட்டும்னுதானே வச்சோம்.

— எல்லா டைரக்டரும் வைக்கிற தூண்டில்தான். ஆனா மீன் கடிக்கலை. சுருங்கிப்போன பொண்ணு டீ கப்புல குளிக்கிறா, கிழவனுங்க கம்முன்னு ரசிச்சானுங்க.

— அப்புறம் என் சாசேஜை எதுக்கு மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க?

— குழுத் தலைவர் கவ்லிக் பண்ணின கூத்து. திரையில அதைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டாரு. 'ஊரே கறி ரேஷன் கூப்பனோட கடை வாசல்ல நிக்குது. இங்க டிராம் நீளத்துக்கு சாசேஜ், கட்டைவிரல் மனுஷங்க அதுமேல சறுக்கி விளையாடுறாங்க. எத்தனை பன்னி செலவாச்சு?'ன்னாரு.

— பன்னியா? மெத்தைப் பஞ்சுப்பா அது. பத்தாததுக்கு உள்ள என் பழைய காலுறையையும் அடைச்சேன்.

— சொன்னேன். நம்பலை. கொண்டுவரச் சொன்னாரு. வந்ததும் அறை பூரா பூண்டு வாசனை.

— அது... நடிகருங்க மூஞ்சில பசி தெரியணும்னு நான்தான் பூண்டும் மிளகும் அரைச்சுத் தடவினேன்.

— உன் கெட்டிக்காரத்தனத்துல தீயை வைக்க. குழுவே எச்சில் முழுங்குது. மூணு வருஷ உழைப்பு போச்சு, இனி எவனும் எனக்குப் படம் தர மாட்டான்னு முடிவே பண்ணிட்டேன்.

— ஆமா, பழியெல்லாம் என் தலையில.

— கேளு. கவ்லிக்கே கத்தி வாங்கி வெட்டினாரு. பஞ்சு கொட்டுச்சு, பின்னாடியே உன் பச்சைக் காலுறை. ஒருத்தன் சிரிச்சான், அப்புறம் எல்லாரும். அதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு. கையெழுத்துப் போட்டுட்டு எழுந்துட்டாங்க.

— இரு, இரு. நம்ம குட்டி ராஜா? ஜனங்களைச் சுருக்கிட்டு, திரும்ப வளர்ற மருந்தைப் பூட்டி வச்சுக்கிட்டு, 'யாரும் வளரக் கூடாது'ங்கறானே. அவன் நிஜத்துல நம்ம நாட்டுல யாருன்னு ஒருத்தர் கூடக் கேக்கலையா? அதுக்குத்தானே இத்தனை நாள் பயந்து செத்தோம்.

— சாசேஜ் பஞ்சாயத்துல அவனை எவனும் கவனிக்கலை.

— பெரிய மூளைக்காரர்னாங்களே அந்தக் கவ்லிக்கை. இவ்வளவு மக்கா அவரு?

— நானும் அப்படி நினைச்சுத்தான் உள்ளுக்குள்ள சிரிச்சேன். கிளம்பும்போது, எனக்குக் கோட்டு மாட்டி விடுற சாக்குல காதுகிட்ட வந்தாரு. 'தம்பி, நான் அந்த சாசேஜைப் பிடிச்சுத் தொங்கலேன்னா, உன் குட்டி ராஜா யாருன்னு என் பக்கத்துல இருந்தவன் கேட்டிருப்பான்'னாரு.