தானாக வந்து சேர்ந்த படகு

டீயில் சர்க்கரை வேண்டாம் என்று உங்கள் கான்ஸ்டபிளிடம் சொல்லியிருந்தேன், இன்ஸ்பெக்டர். பாவம், மறந்துவிட்டார். பரவாயில்லை, குடித்துவிட்டேன். ரைட்டர் எழுதட்டும் என்று நீங்கள் சொன்னதை மறுத்ததற்கும் தப்பாக நினைக்க வேண்டாம். அவர் எழுதினால் ‘மேற்படி நபர்’, ‘மேற்படி இடம்’ என்று பக்கம் நிறையும். நான் அச்சாபீஸ் நடத்துகிறவன். என் வாக்கியத்தை இன்னொருவர் கோப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் தனுஷ்கோடி. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கிறேன். சாத்தூர் ரோட்டுக் கண்மாயில் மூழ்கி இறந்த இராமகிருஷ்ணன் என் மாப்பிள்ளை. என் ஒரே மகள் சுப்புலட்சுமியின் கணவர். அந்தச் சாவுக்காக நீங்கள் லாக்கப்பில் உட்கார வைத்திருக்கும் மடைக்காரர் செல்லப்பாண்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்தவன் நான். அவரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

நான் எழுத எழுத எட்டிப் படித்த நீங்கள், உங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்ப்பது தெரிகிறது. துக்கத்தில் புத்தி பேதலித்தவன் என்று நினைக்கிறீர்கள். நேற்றுக்கூட கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து காலண்டர் ஆர்டர் பார்த்தேன். ஒரு பிழை விடவில்லை.

எங்கள் கிளப்பைப் பற்றி ஊரில் கேலியாகப் பேசுவார்கள். மீசை நரைத்த மனிதர்கள் பொம்மைப் படகு விடுகிறார்களாம். பேசட்டும். வருஷம் பூராவும் வெடிமருந்தையும் மைப்புகையையும் சுவாசிக்கிற எங்களுக்குத் தீபாவளி முடிந்தால்தான் மூச்சுவிட நேரம். அப்போது கண்மாயும் பெருகியிருக்கும், வாடைக்காற்றும் எழுந்திருக்கும். கார்த்திகை, மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் பாய் விரித்து, சேவும் காபியும் வைத்துக்கொண்டு படகு விடுவோம். பணப் பந்தயம் கிடையாது. பொங்கலுக்கு முந்தின கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, அதில் ஜெயித்தவர் பெயர், அவ்வளவுதான். கோப்பையைச் சுற்றி என் பெயர்தான் இருந்தது. தலைவரும் நான்தான்.

ஜெர்மனிக்கு அச்சு இயந்திரம் பார்க்கப் போனபோது ரேடியோ வைத்த பாய்மரப் படகுகளை ஓர் ஏரியில் பார்த்தேன். கரையில் நின்று பெட்டியில் உள்ள பட்டனை அமுக்கினால், தூரத்தில் படகின் சுக்கான் திரும்புகிறது. ஒரு அமுக்கு வலம், இரண்டு அமுக்கு இடம். அந்த இடத்திலேயே இரண்டு செட் வாங்கினேன். சுங்க வரி கட்டி, முறையாக லைசென்ஸும் எடுத்தேன். சட்டத்தை மீறுவது என் பழக்கமில்லை.

ஒரு செட்டை நான் வைத்துக்கொண்டேன். இன்னொன்றை மாப்பிள்ளைக்குத் தலைத் தீபாவளிச் சீராக, மோதிரத்தோடும் பட்டுவேட்டியோடும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். விருதுநகரில் மல்லி, வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். அமைதியான பிள்ளை. என் எதிரில் நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார மாட்டார். போன வருஷம் முழுக்க என்னோடு ஓட்டித் தோற்றார். இந்த வருஷம் ஆரம்பத்திலும் தோற்றார். நான் அவருக்குக் காற்று பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பந்தயம் முடிந்து என் வீட்டில் சாப்பாடு. நான் அன்றைக்கு எப்படிக் கடைசித் தகர மிதவையைச் சுற்றினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அங்கே சறுக்கியதையும் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சுப்புலட்சுமி சிரித்துவிட்டாள்.

“அப்பா, அவுக ஒண்ணும் சறுக்கலை. வேணும்னேதான் படகைக் காத்துக்கு எதுக்க நிப்பாட்டுனாக. ஒங்க மொகம் வாடுனா அவுகளுக்குப் பொறுக்காதாம்.”

“சும்மா இரு சுப்பு” என்றார் மாப்பிள்ளை. இலையைப் பார்த்தபடி.

“இதுல என்ன இருக்கு? கிளப்புல எல்லாரும் அப்பாவுக்கு விட்டுத்தானே வெளையாடுறாக. நாகையா மாமாவே சொன்னாகளாமே.”

நாகையா எங்கள் கிளப் செயலாளர். முடிவுக் கோட்டருகே கொடி பிடித்து யார் முதலில் வந்தது என்று சொல்கிறவர். இருபது வருஷ நண்பர்.

நான் கோபப்படவில்லை. மோர் வாங்கிச் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவும்போது மாப்பிள்ளையிடம், “இனிமே விடாதீக மாப்ளே. நெசமா ஓட்டுங்க” என்றேன். “சரி மாமா, மன்னிச்சிருங்க” என்றார். சொன்னபடியே செய்தார். அடுத்த ஞாயிறிலிருந்து ஒன்றில்கூட என்னை ஜெயிக்க விடவில்லை. என்னைவிட நன்றாக ஓட்டினார். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் மேல் எனக்கு வருத்தம் அதற்கல்ல. ஜெயிக்கிறவனை நான் மதிப்பேன், தோற்கிறவனையும் மதிப்பேன். ஒரு மனிதனுக்கு வாய்க்கரிசி மாதிரி வெற்றியைப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது? வீட்டில் அந்தக் கோப்பையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அதில் உள்ள அத்தனை பெயரும் பொய். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பதில் வேண்டாம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

கோடையில் கண்மாய் வற்றியதும் எல்லாரும் மண் அள்ளுவார்கள். சம்சாரிகள் வயலுக்குக் கரம்பை அள்ளுவார்கள். என் புது அச்சாபீஸுக்கு மேடு தட்ட நானும் லாரி விட்டு அள்ளினேன். லாரி அள்ளிய இடம் பெரிய குழி. மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் குழி எது, தரை எது என்று மேலே பார்த்தால் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துவருகிறவன் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும் ஆழத்துக்குப் போய்விடுவான். கீழே சேறு வேறு. அதனால் முதல் தண்ணீர் வந்ததும் மடைக்காரர் ஒவ்வொரு குழியின் மேலும் ஒரு கம்பை நட்டு, நுனியில் பனையோலை கட்டிவிடுவார். ஓலை ஆடுகிற இடத்துக்குப் போகக்கூடாது. அந்தப் பக்கத்து ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூட இது தெரியும். மாப்பிள்ளைக்கும் முதல் வருஷமே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது. கமிஷன் கடைப் பிள்ளைக்கு நீச்சல் எங்கே?

செல்லப்பாண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். கடைசிப் பந்தயத்துக்கு முந்தின நாள், மிதவைத் தகரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் தனியாகக் கண்மாய்க்குப் போனேன். தண்ணீருக்குள் நிற்கும் கருவேலமரத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் என் லாரி வெட்டிய குழி. கம்பைப் பிடுங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம், நல்ல தரையில் நட்டேன். ஓலையை அதேபோல் கட்டினேன். வேட்டி நனைந்தது, காரில் மாற்று வேட்டி வைத்திருந்தேன்.

அடுத்தது ரேடியோப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு சின்னக் கல் இருக்கிறது. எந்தப் படகு எந்தப் பெட்டியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கல்தான் தீர்மானிக்கும். என் கல் சிவப்பு, மாப்பிள்ளையுடையது நீலம். வாங்கும்போதே உபரியாக ஒரு நீலக் கல் கொடுத்திருந்தார்கள். அதை என் பெட்டியில் போட்டேன். என் படகுக்குச் சுக்கானை நேராக வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டேன். அது பாட்டுக்குப் போகட்டும் என்று. இனி என் பட்டன் அவர் படகைத் திருப்பும்.

மறுநாள் நல்ல காற்று. இரண்டு படகையும் விட்டோம். பாதிவரை நான் பட்டனைத் தொடவில்லை. அவர் முன்னால் போனார். மரம் நெருங்கியதும் அமுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் கட்டளையையும் கேட்டு அந்தப் படகு தடுமாறியது.

“மாமா, படகு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. ஒங்களுக்கு எப்படி இருக்கு?”

“எனக்கு ஒண்ணும் இல்ல மாப்ளே. பெட்டியோட ஏரியல் கம்பியை நல்லா இழுத்து விட்டுப் பாருங்க.”

அவர் இழுத்துவிட்டுப் பார்த்தார். அதற்குள் படகு கருவேலங்கிளையில் போய்ப் பாயைச் சிக்கவைத்துக்கொண்டது. எங்கள் கிளப்பில் ஒரு விதி உண்டு. சிக்கிய படகை உடையவரேதான் இறங்கி விடுவிக்க வேண்டும். வேலையாளை இறக்கினால் தள்ளிவிடுகிற சாக்கில் வேகம் கொடுத்துவிடுவான். விதி போட்டவன் நான்தான். மாப்பிள்ளை பெட்டியைக் கரையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

“அங்கன ஓலை ஆடுது பாருங்க மாப்ளே. அந்தப் பக்கமாப் போகாதீக, இந்தப் பக்கமாச் சுத்திப் போங்க” என்றேன்.

“சரி மாமா” என்றார்.

கம்பை விட்டு நன்றாக ஒதுங்கி, ஜாக்கிரதையாக நடந்தார். கையை நீட்டிக் கிளையை விலக்கிப் படகை விடுவித்தார். அடுத்த எட்டு வைத்தார். ஒரு தடவை “மாமா” என்று கேட்டது. பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர் ஓரத்தில் நின்று கத்தினார்கள். மடையிலிருந்த செல்லப்பாண்டிதான் கரையெல்லாம் ஓடிவந்து குதித்தார். சேற்றிலிருந்து எடுத்துக் கரையில் போடுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. “கிடங்குக் குழி மேலதான் மொதலாளி கம்பு நட்டேன், ஆத்தா மேல சத்தியம்” என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் சொன்னது சத்தியம்தான். கம்பு வேறு இடத்தில் நின்றதால் நீங்கள் அவரைப் பிடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை.

நானும் அழுதேன், இன்ஸ்பெக்டர். நடிப்பில்லை. என் மகள் தாலி அறுத்துவிட்டு வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற தகப்பன் நான். அவளும் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பச்சாதாபம் இருக்கிறதா என்று வக்கீல்கள் கேட்பார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. அவமானப்பட்டவன் திருப்பிக் கொடுத்தான். அதற்கு நான் தலைகுனிய மாட்டேன்.

இவ்வளவும் நடந்தபின் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. செல்லப்பாண்டியின் பெண்சாதி என் வாசலில் வந்து அழுதபோதுகூட நான் இந்த ஸ்டேஷனுக்கு வரவில்லை. அரிசி கொடுத்து அனுப்பினேன். இப்போது ஏன் வந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எல்லாரும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடியபோது நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மாப்பிள்ளை விடுவித்த படகு காற்றைப் பிடித்துக்கொண்டது. அவர் பெட்டி கரையில் கிடந்தது. இப்போது படகு என் பேச்சை மட்டும் கேட்டது. வாடை அந்த நேரத்தில் கொஞ்சம் கிழக்கே திரும்பியது. அப்படி ஒரு காற்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசி மிதவையைத் தகரத்தில் உரசாமல், ஒரு சாண் இடைவெளியில் சுற்றினேன். என் ஆயுளில் அப்படிச் சுற்றியதில்லை. படகு நேரே முடிவுக் கோட்டைத் தாண்டியது. என் சொந்தப் படகு எங்கோ நாணலில் போய் நின்றிருந்தது. நாகையா அந்தக் கூச்சலுக்கு நடுவிலும், கை பழக்கத்தில், கொடியை இறக்கினார்.

அதற்குப் பிறகு ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? ஆள் இல்லாத படகு தானாகவே வந்து சேர்ந்ததாம். செத்தவர் ஆவி கொண்டுவந்து சேர்த்ததாம். விருதுநகரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து அந்தப் படகைப் பார்க்கிறார்கள். சுப்புலட்சுமி அதை அவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கேற்றுகிறாள். “கடைசியா அவுகளே கொண்டாந்து சேர்த்துட்டாகப்பா” என்று என்னிடமே சொல்கிறாள். நேற்று கிளப்பில் கூடி, இந்த வருஷக் கோப்பை மறைந்த இராமகிருஷ்ணனுக்கு என்று ஒரே மனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். தலைவர் என்ற முறையில் என் கையெழுத்தையும் வாங்கினார்கள். பெயர் வெட்டுகிற ஆசாரி நாளை மதுரையிலிருந்து வருகிறார்.

ஆவியும் இல்லை, அதிசயமும் இல்லை, இன்ஸ்பெக்டர். அந்த மிதவையைச் சுற்றியது என் விரல். என்னை எந்த ஜெயிலில் வேண்டுமானாலும் போடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன். ஆனால் கையோடு நாகையாவுக்கு ஒரு போன் போட்டு, ஆசாரியை நிறுத்தச் சொல்லுங்கள். கோப்பையில் வெட்ட வேண்டிய பெயர் தனுஷ்கோடி. இந்த ஒரு தடவை எனக்கு யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.