தெருவுக்கு ஒரு ரயில்

“தெருவுக்கு ஒரு ரயில் போதுமாம் வே!”

அம்பாசமுத்திரம் வண்டியில் எதிரே இருந்த கடைக்கார அண்ணாச்சி இப்படி வெடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். சாவி கொடுத்தால் ஓடும் ஜெர்மன் பொம்மை ரயில்களை அவர் நவராத்திரிக்கென்று தருவித்திருந்தாராம்.

“ஒண்ணுகூடவா விக்கல?” என்றார் கூட வந்தவர்.

“ஒண்ணே ஒண்ணு வித்துச்சு! அது இன்னைக்கு ஒரு வீட்டுக் கொலுவுல ஓடுது, நாளைக்கு அடுத்த வீட்டுல இரவல் ஓடுது. மிச்சமெல்லாம் கடையில பெட்டியோட தூங்குது.”

“இரவல் கொடுக்காதீங்கன்னு சொல்லிப் பாத்தீரா?”

“சொன்னேன். கொலுவுக்குக் கேட்டா எப்படி இல்லைங்கதுன்னு என்னையே ஏசுதாவ!”

“அப்போ என்னதான் செய்யப் போறீரு?”

“ரயில் இரவலாவே வரட்டும். ஸ்டேஷனும் ஆத்துப் பாலமும் மரத்துல செஞ்சு, வீட்டுக்கு வீடு கொலுப்படியிலேயே ஆணியடிச்சுக் கொடுக்கப் போறேன். படியைப் பேத்துத் தூக்கிட்டா போவாவ? அதுக்குத்தான் இப்பம் தச்சரைப் பாக்கப் போறேன்.”