வெட்டியெடுத்த முகம்

— சிகரெட்டை அணைச்சுட்டு உள்ளே வா ஓப்பல். இது எடிட்டிங் ரூம். ஒரு பொறி விழுந்தாப் போதும், இங்க இருக்கிற பிலிம் மொத்தமும் பத்திக்கும். நாம ரெண்டு பேரும் கூரையோட பறப்போம்.

— பறந்தா பறக்கட்டும். வீட்லயும் பிடிக்க விடமாட்ட, இங்கயும் விடமாட்ட. மூணு வாரமா படுக்கையில நிம்மதியா ஒரு சிகரெட் பிடிக்க வழியில்ல. ஏன் ஐடா, நான் மூச்சு விடலாமா? அதுக்கும் உன்கிட்ட மனு போடணுமா?

— அணைச்சுட்டியா? உட்காரு. நேத்து பொமோனா தியேட்டர்ல படம் பார்த்தேல்ல, அதுக்குத்தானே வந்திருக்க?

— வீட்டுக்காரம்மாவை வேற கூட்டிட்டுப் போனேன்டீ! மாடியில இருக்கிற நாலு பொண்ணுங்களையும். ரிலீசுக்கு முன்னாடி ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கறாங்க, எனக்குப் பெரிய சீன் இருக்கு, கைக்குட்டை எடுத்துக்கிட்டு வாங்கன்னு சொல்லி. சத்தியமா, மானம் போச்சு. "இதோ, நான்தான்"னு கையை நீட்டறேன், திரையில கதாநாயகி கொரின் வேலோட மூக்கு!

— கொஞ்சம் பொறு...

— என்னத்தைப் பொறுக்க? ஜெயில் வாசல்ல நின்னு அண்ணனுக்காக ரெண்டு நிமிஷம் கதறறேன். என் முகம் ஒரு தடவைகூட வரல. கொரின் நிக்கறா, கேட்டுக்கிட்டே நிக்கறா, கண்ணைச் சிமிட்டறா. நான் எங்கயோ சுவருக்குப் பின்னாடி புலம்பற மாதிரி இருக்கு. வெட்டினது யாரு? ஆறு வருஷமா என்கூட ஒரே அறையில இருக்கிறவ. என் பீன்ஸ் டப்பாவுல பாதியைத் தின்னவ.

— பாதிக்கு மேலயே தின்னிருப்பேன்.

— சிரிப்பு வேற வருதா உனக்கு?

— சிரிக்கல ஓப்பல். கேளு. நீ தன்னைவிட நல்லா அழுதுட்டேன்னு கொரினுக்கு வயித்தெரிச்சல். பெரிய நட்சத்திரம், கேட்கணுமா? நேரா நம்ம ஸ்டூடியோ முதலாளி பெல்டன் சார்கிட்ட போய் நின்னா. அந்தப் பொண்ணு முகம் என் படத்துல தெரியக் கூடாது, நெகட்டிவையும் எரிச்சுடணும்னு. அவர் எனக்கு உத்தரவு போட்டுட்டார்.

— முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே!

— சொல்லியிருந்தா இந்த நாற்காலியில இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பான். அவன் சீனையே தூக்கி எறிஞ்சிருப்பான். முகம்தானே வேண்டாம்னா? குரலைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே! முழுக்க அவ முகத்தை வச்சு, உன் குரலை அப்படியே விட்டுட்டேன். அவளுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. என் கன்னத்துல முத்தம் கொடுத்துட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிட்டா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?

— உன் வாயில ரகசியம் நிக்குமா? காலையில சொன்னா மத்தியானம் கேன்டீன் பூரா பரவியிருக்கும்.

— குரலை வச்சுக்கிட்டு நான் என்னடீ பண்ண? வெள்ளிக்கிழமை என் ஆறு மாச ஒப்பந்தம் முடியுது. வச்சுக்கறதா, அனுப்பறதான்னு இந்த சீனைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. எதைப் பார்ப்பாங்க? போதும். நெப்ராஸ்காவுக்கே போறேன். அப்பாவோட கோழிங்க யார் முகத்தையும் வெட்டாது. வீட்டுக்குப் போனதும் கட்டிலுக்கடியில கிடக்கிற பெட்டியை இழுத்துக் கட்டறேன்.

— அய்யோ, அதைத் தொடாத! நான் வந்து எடுத்துத் தரேன்.

— பார்த்தியா! ஊருக்குப் போகக்கூட இவகிட்ட அனுமதி வாங்கணும்! நீயும் உன் கத்திரிக்கோலும் நல்லா இருங்க! இனிமே உன் மூஞ்சியில முழிச்சா...

— யாரது இங்க கத்தறது?

— பெல்டன் சார்! வாங்க, வாங்க. இவ என் சிநேகிதி. இப்பப் போயிடுவா.

— போகக் கூடாது. பொண்ணே, இப்பச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லு. எனக்கு நேரமில்லை.

— எதை சார்? கத்திரிக்கோலையா?

— இதே குரல்தான்! ஐடா, இதைப் பாரு. நேத்து படம் முடிஞ்சதும் ஜனங்க எழுதிப் போட்ட சீட்டு. பாதிப் பேருக்கு ஒரே கேள்விதான். ஜெயில் வாசல்ல அழுத பொண்ணு யாரு, ஏன் முகத்தைக் காட்டலன்னு. ஒரு அம்மா எழுதியிருக்கா, "தேம்பித் தேம்பி அழுதேன், யாருக்காக அழுதேன்னு தெரிஞ்சாத் தேவலை." கொரினைப் பத்தி ரெண்டே பேர்தான் எழுதியிருக்காங்க. அதுலயும் ஒருத்தர் அவ தொப்பியைப் பத்தி.

— சத்தியமாவா சார்?

— உன் பேரென்ன?

— ஓப்பல். உங்ககிட்டதான் சார் வேலை பார்க்கறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்.

— அந்த முகம் மட்டும் இருந்தா வெள்ளிக்கிழமை ஏழு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்குவேன். எங்க இருக்கு? அஞ்சு நாள்ல பிரிண்ட் போடணும். செட்டைப் பிரிச்சாச்சு, கொரின் நடுக்கடல்ல இருக்கா. நெகட்டிவை எரின்னு நானே சொல்லித் தொலைச்சேன். ஐடா, எரிச்சுட்டதானே?

— சார், ஒண்ணு கேட்கலாமா? உங்க உத்தரவை மீறி ஒருத்தி அந்த நெகட்டிவை ஸ்டூடியோவை விட்டு வெளியே கொண்டு போயிருந்தா, அவளை என்ன பண்ணுவீங்க?

— அந்த நிமிஷமே வேலையை விட்டுத் தூக்குவேன்.

— ஐடா, வேண்டாம்! சார், அவ எரிச்சுட்டா! சத்தியமா, நானே கண்ணால பார்த்தேன்!

— பொண்ணே, நீ நல்லா அழற, பொய் சொல்ல வரல. ஐடா, தூக்குவேன்னு சொன்னேன், திரும்ப எடுத்துக்க மாட்டேன்னு சொல்லல. அந்த நெகட்டிவ் டப்பா இந்த மேஜைக்கு வந்தா, மத்தியானத்துலேர்ந்து இந்த அறைக்கே நீதான் தலைமை. எங்க இருக்கு?

— கொஞ்சம் பொறுங்க சார், இவகிட்ட முதல்ல ஒண்ணு சொல்லிக்கறேன். ஓப்பல், மூணு வாரமா உன்னைப் படுக்கையில சிகரெட் பிடிக்க விடலையே, உன் முகம் அந்தக் கட்டிலுக்கடியிலதான்டீ இருக்கு.