பெஞ்சில் அமர்ந்த கால்மணி நேரம்

அஞ்சி வந்தோர்க்கு ஆறுதலாய், அழுது வந்தோர்க்கு அன்னையாய், ரவாயா ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தின் எச்.ஐ.வி. பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் அன்பாலும் அதட்டலாலும் ஆண்ட அருமைத் தலைமைச் செவிலியர் பெர்ப்பெத்துவா அவூர் அவர்களே!

நடக்கையில் மாத்திரை டப்பா குலுங்கிக் காட்டிக்கொடுக்குமே என்று நடுங்கியவர்களுக்கு, டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துக் கொடுத்த பரிவே! இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்னும் ஊசி வந்தபோது ஊரே ஆடிப்பாடும் என்று எதிர்பார்த்தோம். எவரும் ஆடவில்லை. தினமும் விழுங்காதது என்ன மருந்து என்றார் ஒருவர். இரண்டு மாதமும் அது உடம்பில் எங்கே குடியிருக்கும் என்றார் இன்னொருவர். ஒமேனா மீன் விற்கும் அபோண்டி அம்மையார்தான் துணிந்து முதலில் ஊசிக்குப் படுத்தார். மாத்திரையை ஒளிக்க இடமில்லாத நாள்களில் விழுங்காமல் விட்டு, ஒருமுறை எலும்பும் தோலுமாய் இங்கே தூக்கி வரப்பட்டவர் அவர். "இனிமே என் மீன்கூடையில மீன் மட்டுந்தான் இருக்கும்" என்றார். அவரைப் பார்த்து முப்பத்தேழு பேர் ஊசிக்கு மாறினார்கள். (அவர் பெயரை எழுத அவரே அனுமதி தந்தார், தப்பாக எழுதினால் உதைப்பேன் என்ற நிபந்தனையோடு.)

அப்போதுதான் உங்கள் ஓய்வுச் செய்தி வந்தது.

"சிஸ்டர் போனா நான் பழையபடி மாத்திரைக்கே போறேன். அந்தப் பையன்கிட்ட குத்து வாங்க என்னால ஆகாது" என்றார் அபோண்டி. ஊசிக்குக் காத்திருந்த பெஞ்சு முழுவதும் தலையாட்டியது. அந்தப் பையன், இம்மடலை எழுதி வாசிக்கும் செவிலியன் ஒக்குமுவாகிய நான்தான்; வயது நாற்பத்தொன்று. திரைக்குப் பின்னிருந்து வரும் அலறலைக் கொண்டே என் திறமையை ஊர் அளந்திருந்தது. மறுபடி கூடையில் மாத்திரை, மறுபடி விட்டுப்போகும் நாள்கள். மறுமுறை அபோண்டியைத் தூக்கி வர நேரம் இருக்குமா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் இடுப்புவலிக்கு மருத்துவர் எழுதியிருந்த ஊசியை அன்று என்னிடம் நீட்டி, எல்லார் காதிலும் விழும்படி, எனக்குப் போடு என்று சொல்லித் திரைக்குப் பின்னே படுத்தீர்கள். சத்தமே இல்லை. எழுந்துபோய், அந்த மரப் பெஞ்சில் அபோண்டியின் பக்கத்தில் அமர்ந்து, கால்மணி நேரம் சிரித்த முகமாய் மீன் விலை பேசினீர்கள். பிறகு மருந்தறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம், "பாவி, உயிரே போயிருச்சு" என்றீர்கள்.

கடந்த செவ்வாய், குறித்த நாளில், அபோண்டி வந்தார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக அழுத்தினேன். முனகினார்; அலறவில்லை. நீங்கள் சத்தமின்றி ஊசி போட்டுக்கொண்டதைப் பார்த்து நம்பிக்கை வந்ததா என்று அவரிடம் பெருமையாகக் கேட்டேன்.

"சிஸ்டருக்கு வலிச்சுதுன்னு அன்னைக்கே தெரியும் தம்பி. மீன் வெலைய மூணு தடவ கேட்டாங்க. பதினோரு வருஷம் மாத்திரைய ஒளிச்சவ நான், ஒளிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியாதா? எனக்காகத்தானே ஒளிச்சாங்க. அதான் வந்தேன்."

அன்பின் உருவே! இனி எதையும் ஒளிக்காமல், வலித்தால் வாய்விட்டுச் சொல்லி, நோயின்றி நூறாண்டு வாழ்க! அடுத்த இடுப்பு ஊசிக்கு வேறு கையைத் தேடுவீர்கள், அறிவோம், வருந்தோம். ஆனாலும் வந்து உட்காருங்கள். பெஞ்சுக்கு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறோம்.

என்றும் உங்கள் அதட்டலுக்கு ஏங்கும்,
ரவாயா நிலையப் பணியாளர்களும் பெஞ்சில் இருக்கும் முப்பத்தெட்டுப் பேரும்