ஒரு சிட்டிகை கூட

...கூப்பிடாமலே வந்து உள்ள உக்காந்துடுச்சுங்க! யாரா? ஹைட்ரஜன்ங்க. என் தங்கத்துக்குள்ள. ஐயோ, கழுத்தைப் பாக்காதீங்க, இது கவரிங். நான் சொல்றது லேப்ல செய்யுற தங்கம். ஒம்பதே ஒம்பது அணு, ஒண்ணையொண்ணு கட்டிக்கிட்டு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. எங்கக்காகூட கேட்டா, "கண்ணுக்கே தெரியாத தங்கத்தை வெச்சுக்கிட்டு கல்யாணம் எப்படிடி பண்றது?"ன்னு... அவதானே உங்க போட்டோவை அனுப்புனா. "இவராவது நிலைக்கணும், போற இடத்துல வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இரு"ன்னா. நான் எங்கங்க பேசுறேன்? காபி குடிங்க, ஆறுது.

எங்க விட்டேன்? ஆங்... எடை பாக்குற மெஷின்ல வெச்சா, எப்பவும் துளியூண்டு கூடக் காட்டுது. சரியா ஒரு ஹைட்ரஜன்! இதே கழுதை தாமிரத்துக்குள்ள போனா, வீட்டோட மாப்பிள்ளை மாதிரி, அவங்க எலக்ட்ரானை வாங்கி மடியில வெச்சுக்கிட்டு அசையாது. தங்கத்துக்குள்ள வந்தாலோ, தன்கிட்ட இருக்குற ஒரே எலக்ட்ரானையும் பொதுவுல போட்டுட்டு, நானும் தங்கம்தான்னு உலாத்துது! பொறப்பு வாயு, நடப்பு உலோகம்... சரி, நீங்க எப்படி? வாங்கி வெச்சுக்குற ஆளா, பொதுவுல போடுற ஆளா? சம்பளம் கேக்கலைங்க, குணம் கேக்கறேன்.

முழிக்காதீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. நெஜமா. இதுக்கு முன்னாடி வந்தவரு காபி வர்ற வரைக்கும்கூட உக்காரல.

அது எப்படி உள்ள வந்துச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். தங்கத்தைத் திரட்ட ஒரு வெள்ளைத் தூள் போடுவோம். ஹைட்ரஜன் அதுக்குள்ளதான் இருக்கு. அளவாப் போட்டா தொந்தரவில்ல, தங்கத்தைத் திரட்டிட்டு அது பாட்டுக்குப் போயிடும். எனக்குத்தான் மனசு கேக்காது. திரளலைன்னா என்ன பண்றதுன்னு பயம். அதனால ஒரு சிட்டிகை கூட... எப்பவும் ஒரு சிட்டிகை கூட. போதும்னு கையை எடுக்கவே வராதுங்க எனக்கு. யாரும் கூப்பிடலைன்னு திட்டுறேனே, அந்தச் சிட்டிகையில கூட்டிட்டு வந்தவளே நான்தான்!

என்ன, கை கழுவணுமா? போங்க போங்க, அந்தப் பக்கம். வந்ததும் மிச்சத்தைச் சொல்றேன், அந்த மெஷின்காரன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன்...

ஏங்க, கை கழுவ பை எதுக்குங்க? ஏங்க... அது வாசல்ங்க!

...ஐயையோ. இங்கயும் ஒரு சிட்டிகை கூடப் போட்டுட்டேனா?