பொன்னுத்துரை ஐயாவின் மீன் அட்டை

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் தூண்டிலாளர் சங்கத் தலைவர் கணேஸ் அவர்களே, பள்ளிவாசலிலிருந்தும் கோயிலிலிருந்தும் வந்திருக்கும் பெரியவர்களே, கண்டி மாநகர சபையில் ஐயாவோடு ஒரே அறையில் வேலை பார்த்த நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் சுந்தரி அக்கா அவர்களே, இன்றைய தொழிலை விட்டுவிட்டு ஆற்றங்கரையிலிருந்து வந்திருக்கும் சகோதரர்களே! உங்கள் எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. திகனயில் தூண்டிலும் வலையும் விற்கிற நஸீம் நான். பஸ் நிலையத்தில் கடலை விற்றுத் தொடங்கியவன். கடையில் பேசுகிற மாதிரித்தான் இங்கேயும் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற இலிகிதர், எங்கள் சங்கத்தின் முன்னாள் செயலாளர், அமரர் பொன்னுத்துரை ஐயா! அவர் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. அவர் பிடித்த பெரிய மீன் எது? யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது! பிடித்ததில் பாதியைத் திரும்ப ஆற்றிலேயே விட்ட மனிதர் அவர். அவரிடம் இருந்த திறமை வேறு. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மீன்களைப் பார்த்து, இது இது, அது அது என்று சொல்லுவார். அந்தக் கண் யாருக்கு இருந்தது? எனக்கு இருந்ததா? இருபது வருஷமாகத் தூண்டில் விற்கிறேன், எனக்கு இல்லை.

முதன்முதலில் கடைக்குத் தூண்டில் ஊசி வாங்க வந்தார். பக்கத்தில் ஒருவர் வாளியில் உயிர் மீனோடு நின்றார். ஐயா குனிந்து பார்த்தார்.

"தம்பி, இதுல மூணு ரோகு. ஒன்னு கடயா. அத மட்டும் கொண்டுபோய் விட்ருங்க."

"எல்லாம் ஒரே மீன்தானே ஐயா! கறியில போட்டாத் தெரியவா போகுது?"

"கறியில தெரியாது. அதனாலதான் சட்டிக்குப் போக முந்தியே சொல்றேன்."

கடை முழுக்கச் சிரித்தது. அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார். ரோகு, வளர்ப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன், பிடிக்கலாம், தின்னலாம். கடயா நம் மகாவலியை விட்டால் வேறெங்கும் இல்லாத மீன், சட்டப்படி தொடக்கூடாது. குஞ்சாக இருக்கும்போது இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரோகுவின் செதிலில் சிவப்பு ஓடும், கடயாவில் பச்சை கலந்த கறுப்புத்தான் இருக்கும் என்று ஐயா சொல்லித் தந்தார். "தண்ணியில வச்சே பாருங்க. வெளிய எடுத்துக் கொஞ்ச நேரம் போனா நிறம் செத்துடும், ரெண்டும் ஒன்னாத்தான் தெரியும்" என்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

ஒருமுறை ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர் கடையில் நின்று போனில் ஒரு படத்தைக் காட்டினார். தன் ஊர் ஆற்றில் பிடித்த சல்மன் என்றார். ஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாக, அது சல்மன் இல்லை, கடலுக்குப் போய்வருகிற ட்ரவுட் என்றார். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போகிறது, வாலின் ஓரம் நேராக இருக்கிறது, சல்மனின் வாலடி ஒடுங்கியிருக்கும், அதைப் பிடித்தே தூக்கலாம், ட்ரவுட்டை அப்படித் தூக்கினால் வழுக்கிவிடும் என்றார். வெள்ளைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று பின்னேரமே ஊருக்குப் போன் போட்டுக் கேட்டு, மறுநாள் வந்து ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐயா எங்கே சல்மனைக் கண்டார்? நூலகத்துப் புத்தகத்தில்! இலங்கையை விட்டு வெளியே எந்த நாட்டுக்கும் போகாத மனிதர்!

சகோதரர்களே, இதுவரை பேசியது புகழ்ச்சி. அதை யாரும் பேசலாம். இனிமேல் பேசப்போவதை நான் மட்டும்தான் பேச முடியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐயா ஓர் அட்டை எழுதினார். சட்டைப்பையில் வைக்கிற அளவு, தண்ணீர் படாத பிளாஸ்டிக் உறையோடு. ஒன்றுபோல் தெரியும் மீன்களின் படம், கீழே பெயர், பிடிக்கலாமா விடவேண்டுமா என்று ஒரு வரி. அச்சுச் செலவு என்னுடையது. அடியில் என் கடையின் பெயரும் ஐயாவின் பெயரும். "அச்சடிக்க முந்தி எனக்கு ஒருக்காக் காட்டுங்க, மொதலாளி" என்றார். அந்தக் கிழமை ஐயா, சுந்தரி அக்காவின் கண் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். சித்திரை விடுமுறைக்குக் கூட்டம் வரும், அதற்குள் அட்டை கடையில் இருக்கவேண்டும் என்று எனக்கு அவசரம். பிலிமத்தலாவை அச்சகத்தில் மாதிரியை நீட்டினார்கள். படம் பளிச்சென்று இருந்தது. என் கடைப் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அதை மட்டும் பார்த்தேன்! அடியுங்கள் என்றேன்.

ரோகுவின் படத்துக்குக் கீழே கடயா என்று இருந்தது. கடயாவின் படத்துக்குக் கீழே ரோகு, பிடிக்கலாம் என்று இருந்தது. படங்களை ஒழுங்குபடுத்தி அச்சகத்துக்குக் கொடுத்ததும் நான்தான்.

அறுநூறு அட்டை ஆற்றங்கரைக்குப் போனது. இரண்டாம் கிழமை, இதோ இந்தச் சபையில் இருக்கும் முஹைதீன் நானா அதிகாரிகளிடம் அகப்பட்டார். வாளியில் பதினொரு கடயா, பையில் அந்த அட்டை. "நான் கள்ளன் இல்ல சேர். படத்தப் பாத்துத்தான் மீன வச்ச. இந்தா ஈக்கி படம்" என்று நீதிமன்றத்தில் சொன்னார். அவரிடம் போனது அபராதமும் வலையும் மட்டுமா? நாற்பது வருஷம் ஆற்றில் நின்ற மனிதரைச் சந்தியில் ஆற்றுக் கள்ளன் என்றார்களே!

அன்று ஐயா எழுந்து நின்றார். "அட்டையில என் பேர் இருக்குங்க. பிழையும் என்னோடதுதான்" என்றார். நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து, "ஐயா, நான் போய்ச் சொல்லட்டா?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. அவர் சொன்னார்: "உங்க கடைப் பேரு கெட்டா நாளைக்குச் சரியான அட்டைய யாரு கையில எடுப்பான்? என் பேரத் தான, ரெண்டு நாள் பேசுவாங்க. விடுங்க."

நான் வியாபாரி. எது எனக்கு நல்லது என்று மனதில் நிறுத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாளா பேசினார்கள்? மூன்று வருஷம் பேசினார்கள்! எழுதத் தெரியாதவன் எழுதினான் என்றார்கள். மீன் தெரிந்தவன் என்று நடித்தான் என்றார்கள். நீங்களே சொன்னீர்கள், என் கடையில் நின்று சொன்னீர்கள், நான் மீதிச் சில்லறையைக் கொடுத்துக்கொண்டு கேட்டேன். அவர் செயலாளர் பதவியை விட்டார். பஸ்ஸில் வந்து, துறை துறையாக நடந்து, அந்த அட்டைகளைத் திரும்பச் சேர்த்தார். அதற்குப் பிறகு அவரை ஆற்றங்கரையில் கண்டவர்கள் யார்?

போன கிழமை வீட்டுக்குப் போனேன். சுந்தரி அக்கா தேத்தண்ணி தந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "தம்பி, அவரு ஆத்துக்கு வராததுக்கு முழங்கால் வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். அவரு முழங்காலுக்கு ஒன்னுமே இல்ல."

அக்கா, உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் எனக்குத் தேத்தண்ணி தந்தீர்கள்.

தண்ணீரில் இருக்கும்போதே பார் என்று சொன்னவரை, அவர் உயிரோடு இருந்தபோது இவர் யார் என்று உங்களுக்கு நான் காட்டவில்லை. பெட்டிக்குள் வைத்தபின் வந்து காட்டுகிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது!

அழுதுவிட்டுப் போக நான் வரவில்லை. இந்தச் சபையின் முன்னால் வாக்குத் தருகிறேன். அட்டை மறுபடி அச்சாகும். அதில் ஐயாவின் பெயர் இருக்கும், என் கடைப் பெயர் இருக்காது. இன்று நான் சொன்னதை எழுதிக் கையொப்பமிட்டுத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். கடை வாசலிலும் ஒட்டுவேன். அச்சகம் தரும் முதல் மாதிரி முஹைதீன் நானாவின் வீட்டுக்கு வரும். அவர் ஆற்றுக்குக் கொண்டுபோய், மீனைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, சரி என்று சொல்லாமல் ஓர் அட்டைகூட அச்சாகாது.

நானா, ஐயாவால் திரும்ப வாங்க முடியாமல் போனது உங்கள் அட்டை ஒன்றுதான். அவர் இரண்டு தடவை உங்கள் வாசலுக்கு வந்தார், நீங்கள் கதவைத் திறக்கவில்லை. உங்களில் குற்றமில்லை. அது இன்னும் உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

இல்லை, நீங்கள் எழும்ப வேண்டாம் நானா. இருங்கள். நான் இறங்கி வருகிறேன். அதை என் கையில் தாருங்கள். அது ஐயாவுடையது அல்ல, என்னுடையது.