வாழைக்குருத்துப் பச்சை

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் இரண்டு காவலர்களின் தொப்பியும் ஒரே சிவப்பு இல்லை, ஐயா. கவனித்திருக்கிறீர்களா? இடது பக்கம் நிற்பவர் வெயிலில் நிறைய நின்றிருக்கிறார். அவர் தொப்பியில் சிவப்பு வெளுத்துக் காவி ஏறிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், என் தொழில் அப்படி.

பெயர் பூமிநாதன். பட்டினச்சேரியில் ஃபைபர் படகு பழுது பார்க்கிறேன். ஓட்டையை அடைக்க யாராலும் முடியும். அடைத்த இடம் தெரியாமல் மேல்பூச்சைச் சேர்ப்பதுதான் வேலை. அந்தப் பூச்சை ஜெல்கோட் என்போம். டப்பாவில் இருக்கிற நிறம் படகில் இருக்காது. ஒவ்வொரு படகையும் வெயிலும் உப்பும் ஒவ்வொரு விதமாகத் தின்றிருக்கும். நீலம் என்று கேட்டு நீலத்தைப் பூசினால் சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி இளித்துக்கொண்டு நிற்கும்.

இதில் என் தங்கை தமிழரசி எனக்கு ஒத்தாசை. சுனாமியில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்த வருஷம் ஊருக்கெல்லாம் ஃபைபர் படகு வந்தது, எனக்கும் வேலை வந்தது. அவள் ஒரு கிண்ணத்தில் பூச்சை எடுத்து, ஈர்க்குச்சி முனையால் மஞ்சளோ பழுப்போ தொட்டுக் கலக்குவாள். படகில் ஓரிடத்தில் தடவிவிட்டுப் போய்விடுவாள். நான் அவசரப்பட்டால், "ஈரத்துல பாக்காதண்ணே, காயட்டும். நெழல்ல வச்சுப் பாரு" என்பாள். காய்ந்ததும் பார்த்தால் தடவிய இடத்தை நானே தேட வேண்டியிருக்கும். நான் தேய்த்துப் பளபளப்பாக்குவேன். நாகூரிலிருந்துகூட என்னைத் தேடி வந்தார்கள்.

போன வருஷம் அவளைச் சசிதரனுக்குக் கொடுத்தேன். நல்ல பையன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் படகுக்குப் பூச அவளே ஒரு பச்சை கலந்தாள். வாழைக்குருத்து விரியும்போது உள்ளே இருக்குமே, அந்தப் பச்சை. கரையில் அது ஒன்றுதான் அந்த நிறம். அவன் வரும்போது தூரத்திலேயே தெரியும். அவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஓடுவாள்.

அதன் பிறகு என் கொட்டகைக்கு அவள் அதிகம் வரவில்லை. அது இயல்புதான். நான் சேர்த்த நிறங்களைப் பற்றி ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதுவும் இயல்புதான்.

சித்திரையில் ஒரு நாள் சசிதரன் கொட்டகைக்கு வந்தான்.

"மச்சான், வைகாசி பொறந்ததும் நாங்க காசிமேட்டுக்குப் போயிடலாம்னு இருக்கோம். மாமா அங்க பெரிய லாஞ்சுப் படகுல ஆள் கேக்குறாரு. அரசிக்கும் பட்டணத்துல இருக்கணும்னு ஆசை."

"நல்லதுதான் மாப்ள" என்று சொல்லி டீ வரவழைத்துக் கொடுத்தேன். நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த வாரம் கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று அவன் ஒண்டியாகவே நண்டு வலை எடுக்கப் போனான். திரும்பவில்லை. எஞ்சின் நின்றிருக்கும் என்றார்கள். சோழகக் காற்று பலமாக இருந்தது. தெற்கிலிருந்து அடிக்கிற காற்று, படகை வடக்கே தள்ளிக்கொண்டு போயிருக்கும். ஊர்ப் படகுகள் எல்லாம் தொழிலை விட்டுவிட்டு வடக்கே தேடின. தினமும் இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டு வெறுங்கையோடு வந்தன.

அந்த நாட்களை நீங்கள் பார்க்கவில்லை, ஐயா. தமிழரசி மணலில் உட்காரவும் மாட்டாள், வீட்டுக்கு வரவும் மாட்டாள். ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்குவாள், படகின் நிறம் தெரிந்ததும் ஏறுவாள், மறுபடி இறங்குவாள். அவள் மாமியார் பவுனம்மாள் கஞ்சிச் சட்டியோடு பின்னாலேயே அலைவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகைக்குப் போவேன், எதையாவது கையில் எடுப்பேன், வைப்பேன், கரைக்கு வருவேன். கண்ணை மூடினால் எஞ்சின் சத்தம். எப்படியாவது இது நின்றால் போதும் என்றிருந்தது. ஒரு மனுஷியை எத்தனை நாள் அப்படி விடுவது? யாராவது ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். கடல் சொல்லவில்லை.

பஞ்சாயத்தில் பேசி, காரைக்கால் விசைப்படகுகள் இரண்டை அமர்த்தி, ஆந்திரக் கரை வரைக்கும் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். மறுநாள் கிளம்ப வேண்டும். டீசல் பிடித்தாகிவிட்டது.

அன்று காலையில் எல்லோரும் கரையில் இருந்தார்கள். நான் கொட்டகையில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் மெழுகு தேய்த்து, பச்சையைக் கலந்து பூசினேன். அதன்மேல் ஃபைபர் விரிப்பும் ரெசின் பசையும். காய்ந்ததும் பெயர்த்து, சுத்தியலால் ஓரங்களை உடைத்தேன். மணலும் உப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்தேன். முறம் அளவு இருக்கும். அதைச் சாக்கில் சுற்றி, டிவிஎஸ் வண்டியில் வைத்துக்கொண்டு காரைக்கால் கடைத்தெரு வழியாகப் போனேன். உங்கள் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தி, பிறகு போகச் சொன்னார். வடக்கே பூவம் ஊருக்குக் கிழக்கே கரையில், உச்சி வெயிலில், ஆள் இல்லை. அலை தொடும் இடத்தில் போட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் சுப்பையன் என்கிற வலைக்காரர் அதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பச்சைப் படகைக் காணோம் என்ற செய்தி ஏற்கெனவே கரை முழுக்கப் பரவியிருந்ததே.

பஞ்சாயத்தார் முத்தையன் அதை என் கையில் கொடுத்தார். "தம்பி, நீதான் பாத்துச் சொல்லணும்."

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "மாப்ள படகுதான்" என்றேன். கரையில் அழுகை கிளம்பியது.

தமிழரசி அழவில்லை. என் கையிலிருந்து அதை வாங்கி, தன் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் தேய்த்தாள்.

"இது எங்க படகு இல்லண்ணே. எங்க பச்சையில கறுப்பே கெடையாது. நான் பழுப்புதான் போட்டேன். இதுல கறுப்பு விழுந்திருக்கு."

"உப்புத் தண்ணியில ஊறுனா அப்படித்தாம்மா தெரியும்."

"ஊறுனா வெளுக்கும்ண்ணே. கறுக்காது. ஒனக்குத் தெரியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முத்தையனிடம் மெல்ல, "சோறு தண்ணி இல்லாம அதுக்கு புத்தி தடுமாறிக் கெடக்கு, பெரியப்பா" என்றேன். அவர் தலையாட்டினார். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பவுனம்மாள் மட்டும் என்னிடம் வந்தார். "தம்பி, நிச்சயந்தானாப்பா? டீசல் புடிச்சாச்சுல்ல. ஒருக்கா போயிட்டுத்தான் வரட்டுமே."

"எதுக்கு அத்தை வீண் அலைச்சல்" என்றேன்.

விசைப்படகுகள் போகவில்லை. உடல் இல்லாத சாவுக்கு நாள் கடத்தக் கூடாது என்று நான்தான் சொன்னேன். மூன்றாம் நாளே காரியத்தை முடித்தோம். அந்தத் துண்டை மணலில் வைத்து, மாலை போட்டு, தமிழரசியைக் கூட்டிவந்து உட்காரவைத்துத் தாலியை வாங்கினார்கள். அவள் கத்திக்கொண்டே இருந்தாள். "அது அவரு இல்ல, அது அவரு இல்ல." பிறகு தொண்டை கட்டிவிட்டது. அன்று ராத்திரிதான் அவள் தூங்கினாள், ஐயா. நானும் தூங்கினேன்.

மறுநாள் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே மீன்பிடிக்கப் போனவர்கள் ஒரு படகைக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். வாழைக்குருத்துப் பச்சை. எங்கும் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஐஸ் பெட்டியின்மேல் தலை வைத்தபடி சசிதரன். ஐஸ் உருகிய தண்ணீரைக் குடித்துச் சமாளித்திருக்கிறான். இறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அப்படியானால் இங்கே தாலி வாங்கும்போது அவன் உயிரோடு இருந்தான் என்கிறீர்கள். கணக்குப்படி அப்படித்தான் வருகிறது. நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் அவனைத் தொடவில்லை. எஞ்சினை நான் நிறுத்தவில்லை, காற்றை நான் ஏவவில்லை. தேடியிருந்தாலும் கிடைத்திருப்பான் என்று யார் சொல்ல முடியும்? ஆந்திரக் கரை வரைக்கும் கடல் என்ன சின்னதா? நான் செய்தது ஒன்றுதான். தவித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு முடிவைக் கொடுத்தேன். துண்டைச் செய்தது நான், கரையில் போட்டது நான், அவள் சொன்னது சரி என்று தெரிந்தே மறுத்தது நான். இவ்வளவையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அவள்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். கோபம் இருக்கும். இப்போது பவுனம்மாளோடு இருக்கிறாளாம், நான் அனுப்பிய சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். இருக்கட்டும். எனக்கு எத்தனை வருஷம் போட்டாலும் போடுங்கள், நான் வெளியே வரும்போது அந்தக் கிழவி இருக்கப்போவதில்லை. அப்பா இல்லை, அம்மா இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. பிறகு என் தங்கைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.